திறக்காத நீல டப்பா

ஓட்டிஸ் அந்த டப்பாவை என் மேசையில் சத்தம் வராமல் வைத்தான். அவன் எதையும் அப்படி வைக்கிறவன் இல்லை. அதனால்தான் திரையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"இதை எப்ப திறந்தோம், லோர்னா?"

நீல மை டப்பா. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டை அறுபடாமல் இருந்தது. மூடியின் மேல் வேலை எண், என் கையெழுத்தில்.

"போன புதன்கிழமை," என்றேன்.

"திறந்து, தீர்த்து, மறுபடி சீலும் வெச்சிட்டோமா? பலே கெட்டிக்காரங்கதான் நாம."

அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு லேபிள்களை எடுத்து டப்பாவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று போன மாதம் அவன் அச்சடித்தது. மற்றது போன புதன்கிழமை அடித்தது. கீழ்ப்பாதியில் ஓடும் அகலமான பட்டை இரண்டிலும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"இதுல எது பத்து, எது அம்பது? தூரத்துல இருந்து சொல்லு பார்ப்போம்."

என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கிறவர்கள். ஈரி நகரத்தில், ஏரிக்கு நாலு தெரு தள்ளி, ஹார்னிஷ் லேபிள்ஸ். அந்த லேபிள் குழந்தைகளின் வலிப்புக்கான திரவ மருந்துக்கு. ஒரே மருந்து இரண்டு வீரியத்தில் வருகிறது: ஒரு மில்லிலிட்டரில் பத்து மில்லிகிராம், ஒரு மில்லிலிட்டரில் ஐம்பது. பத்துக்கு நீலப் பட்டை, ஐம்பதுக்குக் கத்தரிப்பூப் பட்டை. பாட்டிலின் உருவம், மூடி, எழுத்து எல்லாம் ஒன்றுதான். அந்த நீலம் சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நான்கு மைகளைக் கலந்து வருவதில்லை. கலந்து அடித்தால் கத்தரிப்பூவாகிவிடும். அச்சுத் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரியும். அதற்காகத்தான் அந்த நீலத்துக்குத் தனி மை, அதை அடிக்கத் தனி அச்சுத் தகடு, அதாவது பிளேட்.

தனி மை டப்பா திறக்கப்படவே இல்லை என்றால், புதன்கிழமை எதை வைத்து அடித்தோம்?

எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியிலேயே முழுதும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஓட்டிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். திரையில் நீலம் பளபளவென்று இருந்தது. திரை எப்போதும் அப்படித்தான், தாளில் வரப்போகும் நிறத்தைக் காட்டாது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் லேபிள் கோப்புகளைத் தயாரிக்கும் இலவச மென்பொருளை இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவள் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, மாதச் சந்தா கட்டி வைத்திருந்த மென்பொருள் எங்களை உள்ளே விடவில்லை. ஏதோ உரிமம் புதுப்பிப்பு. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க, பதினொரு வருடமாக நான் செய்த படங்கள் எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தன, சாவி வேறு யாரிடமோ. அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அதற்குப் பிறகுதான் யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் பூட்ட முடியாத ஒன்றைத் தேடினேன். முதலாளி கிளென் ஹார்னிஷிடம் ஆறு மாதம் பேசினேன். ஓட்டிஸ் அப்போதே கேலி செய்தான்: "ஓசியில வந்ததை நம்பி என் மிஷினை ஓட்டச் சொல்றியா? பிரேக் தனியா வாங்கணுமா?"

பிரேக்கை நானே செய்தேன். வெளியிலிருந்து வடிவமைப்பாளர்கள் அனுப்பும் கோப்புகள் எல்லாம் சந்தா மென்பொருளில் செய்யப்பட்டவை. எங்கள் மென்பொருள் அவற்றைத் திறக்கும். ஆனால் தனி மை அடுக்கைத் தனியாக வைத்துக்கொள்ளாது. மற்ற வண்ணங்களோடு கலந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அதனால் தனி மையை முதலில் வேறு கோப்பாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கடைசியில் சேர்த்து, பிளேட் எடுப்போம். பன்னிரண்டு வரிகள் கொண்ட மஞ்சள் அட்டை ஒன்றை எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். ஏழாவது வரி: தனி மையைப் பிரி. பன்னிரண்டாவது வரி: பிளேட்டுகளைப் பெயர் சொல்லி வாசி, இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும்.

என் அறைக்கும் மிஷின் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக நான் கூவுவேன். "சியான்!" "இருக்கு!" "மஜெண்டா!" "இருக்கு!" "மஞ்சள்!" "கடுகு சாஸுன்னு சொல்லு, பசிக்குது!" என்பான் ஓட்டிஸ். எத்தனை கேலி செய்தாலும் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அவன் பதில் சொன்னதே இல்லை.

போன புதன்கிழமை ஏரியிலிருந்து பனி வந்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஓட்டிஸால் பக்கத்து ஊரான ஜிரார்டிலிருந்து வர முடியவில்லை. மருந்து நிறுவனத்தின் தர அதிகாரி ட்ரூடி ஹேகன் டோலிடோவிலிருந்து வந்து, நிறம் சரிபார்க்கும் எங்கள் விளக்குக் கூண்டுக்குள் நின்று, முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அவளாலும் வர முடியவில்லை. தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு, சரி என்று எழுதி அனுப்பினாள். மிஷினைக் கிளென் தானே ஓட்டினார். முப்பது வருடத்துக்கு முன் அவர் மிஷின்காரர். அன்று குழந்தை மாதிரி குதூகலமாக இருந்தார்.

நான் பிளேட்டுகளை மேசையில் பரப்பி வைத்து வாசித்தேன். தனியாக. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிளென் ரேடியோ போட்டுக்கொண்டு தாள் ரோலை ஏற்றிக்கொண்டிருந்தார். யாரும் பதில் சொல்லாத இடத்தில் "நீலம்!" என்று கூவ எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பெயர்களைச் சொல்வதற்குப் பதிலாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வேலைச் சீட்டில் மை ஐந்து என்று இருந்தது. ஐந்தாவது பிளேட் வார்னிஷ். மேலே பூசும் வெறும் பளபளப்பு, மைக் கணக்கில் வராதது. அதை நான் நீலமாக எண்ணிவிட்டேன். அந்தக் காலை அவசரத்தில் ஏழாவது வரியைத் தாண்டியிருந்தேன். பன்னிரண்டாவது வரி அதைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க விடாமல் செய்தவள் நான்.

"டோலிடோவுல எப்ப நிரப்புறாங்க?" என்று ஓட்டிஸ் கேட்டான்.

"இன்னிக்கு. பதினொரு மணிக்கு."

கடிகாரத்தில் மணி பத்தாகப் பத்து நிமிடம்.

ஓட்டிஸ் லேபிள்களை எடுத்துத் திரும்பப் பையில் போட்டான். "நீ வாயைத் திறக்கலேன்னா நானும் திறக்க மாட்டேன். இதை மட்டும் சொல்லிடறேன். அப்புறம் உன் இஷ்டம்," என்றான்.

அவன் அன்பாகத்தான் சொன்னான். பேசாமல் இருப்பது அவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. லேபிளில் எண் சரியாகத்தான் இருக்கிறது. பத்து என்று எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பதும் பத்து. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்காக அந்த மருந்தைக் கொடுக்கிற ஒரு தாய் எண்ணைப் படிப்பதில்லை. பட்டையைப் பார்க்கிறாள். இந்த மாதம் அவளுக்குக் கத்தரிப்பூப் பட்டை பழகும். அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர் அதே நிறம் பார்த்து ஐம்பதை எடுத்துக் கொடுப்பார். அவள் அதே சொட்டுக்குழாயில் அதே அளவை உறிஞ்சுவாள். ஐந்து மடங்கு.

நான் எழுந்து கிளென் அறைக்குப் போனேன். ஓட்டிஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கிளென் எல்லாவற்றையும் கேட்டார். லேபிள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "ட்ரூடி சரின்னு எழுதிக் குடுத்திருக்கால்ல?" என்றார்.

"ஃபோன்ல பார்த்துட்டு எழுதினது."

"எழுத்து எழுத்துதானே. நம்பர் வேற எவ்வளவு பெருசா போட்டிருக்கு. ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போனா மெனுவை என்கிட்ட தள்ளி, 'நீயே படி, கண்ணாடி வண்டியில இருக்கு'ங்கிற ஆளு நீ," என்றான் ஓட்டிஸ்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் பனியை வாரிக்கொண்டிருந்தான். மண்வாரி தரையில் உரசும் சத்தம் பத்துப் பதினைந்து தடவை கேட்டது. மிஷினை ஓட்டியது அவர். திறக்காத டப்பா அவர் கைக்கு எட்டும் அலமாரியில்தான் இருந்தது. அதை அவரும் யோசித்திருப்பார்.

"கூப்பிடு," என்றார் கடைசியில். "நீயே பேசு."

நான்கு முறை மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும், எடுக்காமல் போனால் நல்லது என்று மனதின் ஒரு மூலை நினைத்தது. அந்த மூலையை நான் இன்னும் மறக்கவில்லை.

"ட்ரூடி, ஹார்னிஷ்லேர்ந்து லோர்னா கோர்னியாக் பேசறேன். பத்தோட லேபிள் தப்பு. நீலம் வரல. அம்பது மாதிரியே இருக்கு. நிரப்ப ஆரம்பிக்காதீங்க."

அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி மேல் கண்ணாடி இடிக்கும், இடைவிடாத, சின்னச் சின்னச் சத்தம். நூற்றுக்கணக்கான பாட்டில்கள் வரிசையில் நகரும் சத்தம் அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

"லைன் காலியா இருந்துச்சுன்னு ஒன்பதரைக்கே ஆரம்பிச்சிட்டோம்," என்றாள்.

தொலைபேசியை எங்கேயோ வைத்துவிட்டு அவள் ஓடும் காலடி கேட்டது. யாரையோ பெயர் சொல்லிக் கத்தினாள். பாட்டில் சத்தம் தொடர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அது நின்றது. அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதில்லை.

அவள் திரும்பி வந்து மூச்சு வாங்கினாள். "அறுநூத்திப் பன்னெண்டு ஓடியிருக்கு. எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிடறேன். எப்படி ஆச்சு? எந்த மென்பொருள்ல செய்றீங்க?"

சொன்னேன்.

"அது யாரோட கம்பெனி?"

"கம்பெனி இல்ல. யாரோடதும் இல்ல. எல்லாரும் சேர்ந்து செய்றது."

"எல்லாரும்னா, நான் யாருக்கு லெட்டர் போடறது?" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்று பிற்பகலே மறுபடி அச்சடித்தோம். அதே இலவச மென்பொருளில், பன்னிரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுச் செய்தேன். ஓட்டிஸ் ஸ்க்ரூடிரைவரால் டப்பா மூடியை நெம்பினான். மூடி விடுபடும் அந்த 'டக்' சத்தத்தில் நான் திடுக்கிட்டேன். நீலம் நீலமாக வந்தது.

நாலரைக்கு ட்ரூடியிடமிருந்து செய்தி. எண்ணிப் பார்த்தார்களாம். அறுநூற்றுப் பதினொன்றுதான் இருக்கிறது. ஒரு பாட்டிலைக் காணோம்.

மறுநாள், புதன்கிழமை காலை, கிளென் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்தார். தவறு நடந்தால் மருந்து நிறுவனம் கேட்கும் படிவம். என்ன நடந்தது, என்ன காரணம், இனி என்ன செய்வோம், பொறுப்பாளர் கையெழுத்து.

"காரணம்ங்கிற இடத்துல மென்பொருள்னு எழுது," என்றார். "பொய்யில்லையே. அதுதானே மையை முழுங்கிச்சு?"

"முழுங்கும்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. இத பாரும்மா. மனுஷனைக் காரணம்னு எழுதினா, அந்த மனுஷனை என்ன பண்ணேன்னு என்னைக் கேப்பாங்க. மென்பொருள்னு எழுதினா, தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லிடலாம். அதுக்காகப் பேச யாரும் வர மாட்டாங்க."

மதிய இடைவேளையில் படிவத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். அங்கேதான் எப்போதும் சாப்பிடுவேன், படிப்பேன். அன்று இரண்டும் இல்லை. ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்து, காரணம் என்ற கட்டத்தில் 'மென்பொருள்' என்று எழுதினேன். உண்மைதான் அது. வாசிக்க எந்த உறுத்தலும் இல்லை. கண்ணாடி மேல் பனி விழுந்து உள்ளே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த ஒரு பாட்டில் எங்கே இருக்கும் என்று யோசித்தேன். ஒரு சமையலறை அலமாரி. ஒரு கைப்பை. டோலிடோவில் அதை நிரப்பியவர்களில் யாருக்காவது வலிப்புள்ள குழந்தை இருந்து, வழக்கமான கடையில் தீர்ந்துபோய், ஒன்றே ஒன்று என்று எடுத்துப்போயிருந்தால்? கற்பனைதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகி, ஏன் என்று யாராவது இந்தத் தாளை எடுத்துப் படித்தால், அதில் யார் பெயரும் இருக்காது. பழி சொல்லலாம், பதில் வாங்க முடியாது. சந்தா மென்பொருள் இருந்திருந்தால் ஒரு நிறுவனத்தின் பெயராவது இருந்திருக்கும். அதற்காகத்தான் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. நிறம் சரியாக வருவது இரண்டாவது. பயப்படும்போது கூப்பிட ஒரு பெயர் வேண்டும், அதுதான் முதலாவது.

எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: மென்பொருள் தனி மையைக் கலந்துவிடும் என்று முன்பே தெரியும். அதற்கான சோதனையை நான் தனியாக, கூச்சத்தால் பெயர் சொல்லாமல் செய்தேன். வார்னிஷ் பிளேட்டை நீலமாக எண்ணினேன். லோர்னா கோர்னியாக்.

பேனாவை மூடினேன்.

சாலை திறந்திருந்ததால் ட்ரூடி அன்று தானே காரோட்டி வந்திருந்தாள். விளக்குக் கூண்டுக்குள் புதிய லேபிளையும் ஐம்பதின் லேபிளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். கையெழுத்துக்கு முன் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதுவரை எல்லோரும் ஒன்றொன்றாகவே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். நெடுநேரம் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். நான் படிவத்தைக் கிளெனிடம் கொடுக்காமல் நேராக அவளிடம் நீட்டினேன். கிளென் கையைப் பாதி தூக்கி, கீழே விட்டார்.

அவள் நின்றபடியே படித்தாள். அடித்திருந்த சொல்லையும் படித்திருப்பாள்.

"கூச்சமா?" என்றாள்.

"ஆமா. யாருமே இல்லாத இடத்துல கூவ வெட்கமா இருந்துச்சு. அதனாலதான் பேர் சொல்லல."

அவள் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். "பாட்டில் இன்னும் கிடைக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மீதி நேரமும் மறுநாள் காலையும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் ஓட்டிஸ் மிஷினை மெதுவாக்கினான். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ட்ரூடி கூப்பிட்டாள். பரிசோதனைக் கூடத்து ஆள் ஒருவர் முதல் பாட்டில்களில் ஒன்றை எடை பார்க்க எடுத்துப் போனாராம். லைன் நின்ற கலவரத்தில் தன் ஜன்னல் மேடையில் வைத்து மறந்துவிட்டார். தொட்டிச் செடிக்குப் பின்னால் இருந்தது.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓட்டிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கிடைத்துவிட்டது, ஒரு செடிக்குப் பின்னால் இருந்தது என்றேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "செடிக்கு வலிப்பு வராம இருந்தா சரி," என்றான்.

ட்ரூடி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். தன் மேலதிகாரிகளிடம் படிவத்தை அப்படியே கொடுத்துவிட்டாளாம். வேலையை என்னிடமிருந்து எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் லேபிளுக்கு இனி சந்தா மென்பொருள்தான். "அது சரியா செய்யும்ங்கிறதுக்காக இல்ல லோர்னா. ஒரு நிறுவனத்தோட பேர் காகிதத்துல இருக்கணும். உங்க பேர் மட்டும் இருந்தா எங்க ஆளுங்க பயப்படுறாங்க." நானும்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளென் என் கணினியில் பழைய சந்தாவைப் போட்டுக் கொடுத்தார். மருந்து லேபிள் கோப்பைத் திறந்தேன். நீலம் தனி அடுக்காக, எதுவும் செய்யாமலே, தன் பெயரோடு வந்து நின்றது. கிளென் என் தோளுக்கு மேலாகப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். திரைக்குக் கீழே இருந்த மஞ்சள் அட்டையை உரித்து எடுத்தார். "இனிமே இது வேணாம். தானா வருது பாரு," என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சரியாகப் பயம் வந்தது. இதுவரை ஒவ்வொரு கோப்பையும் சந்தேகத்தோடு திறந்தேன். இனி நம்பித் திறப்பேன். இன்னொரு பனி நாளில், இன்னொரு அவசரத்தில், வேறு ஏதாவது ஒன்று எச்சரிக்கை இல்லாமல் காணாமல் போகும். என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கு ஒரு வரி எழுதியிருப்பேன்.

அட்டையைக் கூடையிலிருந்து எடுத்தேன். ஒரு மூலையில் காபி கறை. துடைத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். பசை பிடிக்கவில்லை. டேப் போட்டேன். பிளேட்டுகளை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மிஷின் அறையில் ஓட்டிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"சியான்!" என்றேன். குரல் பிசிறியது.

அவன் திரும்பிப் பார்த்தான். "ஏம்மா, இப்பத்தான் காசு குடுத்து வாங்கியாச்சே. இன்னும் கூவணுமா?"

"சியான்."

அவன் பிளேட்டைக் கையில் எடுத்தான். "இருக்கு."

"மஜெண்டா."

"இருக்கு."

"மஞ்சள். கறுப்பு."

"ஒவ்வொண்ணா சொல்லு. மஞ்சள் இருக்கு. கறுப்பு இருக்கு."

"நீலம்," என்றேன்.

அவன் குனிந்து அடுக்கில் தேடினான். பதில் வரும்வரை நான் மூச்சு விடவில்லை.